வரி கட்டாத வாசல்

லாரியின் கொக்கி குப்பைத்தொட்டியில் மாட்டும் சத்தம் கேட்டதும், இறந்து கிடந்த கணவரின் தலைமாட்டிலிருந்து எழுந்து அவள் வாசலுக்கு வந்தாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

நகராட்சி ஆட்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கம் கேட்கப் பெரிய மனிதர்கள் வருவார்களாம், அதற்குள் தொட்டியை எடுத்துவிட வேண்டும் என்று வரி அதிகாரி உத்தரவாம். அந்த வரி அதிகாரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

"வரி இன்னும் கட்டலயே. கட்டினாத்தான எடுப்பீங்க? இறக்கி வைங்க."

இறக்கினார்கள். துக்க வீட்டுக்காரியிடம் யார் வாதாடுவது?

முன்னறையில் ஒற்றைத் தையல் மெஷினைப் போட்டுப் பிழைத்தவர் அவள் கணவர். அதைப் பார்த்துவிட்டு, வீட்டைக் கடை என்று எழுதி வரியை மூன்று மடங்காக்கியவர் அண்ணன்தான். மேல்முறையீடு செய்துவிட்டு, தீர்ப்பு வராமல் சல்லிக்காசு தரமாட்டேன் என்று கணவர் முரண்டு பிடித்தார். வரி கட்டாதவர் வாசலில் தெருக்குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைப்பது நகராட்சி புதிதாகக் கண்டுபிடித்த வசூல் வித்தை. முதல் தொட்டியைத் தங்கை வாசலிலேயே வைத்து, சொந்தபந்தம் பார்க்காத அதிகாரி என்று அண்ணன் பெயர் வாங்கினார். தெருவே அலறியடித்துக்கொண்டு ஓடி வரி கட்டியது. சாலைக்குத் தார் கிடைத்தது, அண்ணனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நெஞ்சு நோய்க்காரரான அவள் கணவருக்கு நாற்றம் கிடைத்தது. ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும், திறந்தால் குமட்டும். கடைசி நாட்களில் ஒரு வாய்ச் சாப்பாடு உள்ளே இறங்கவில்லை. அண்ணனை அவள் சும்மா விடுவதாக இல்லை.

அண்ணன் மலர்வளையமும் கையுமாக, நகராட்சித் தலைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தொட்டியைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை. ஈக்களெல்லாம் தொட்டியில் இருந்தன.

தலைவரை அவள் மரியாதையாக உள்ளே அனுப்பினாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்ட வந்த அண்ணனுக்குத் தானே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து தொட்டியை ஒட்டிப் போட்டாள்.

"இப்படி உக்காருண்ணே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் பாக்குறாங்கம்மா. இதை எடுக்கச் சொல்லிரட்டுமா?"

"பாக்கி இருக்கேண்ணே. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீதான சொன்ன."

தெருவில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே போன தலைவரும் வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் உட்கார்ந்தார்.

வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த டீயில் ஒரு டம்ளரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாய்வரை கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, குடிக்காமலே கீழே இறக்கினார்.

"குடிண்ணே. ஆறிடும்."

ஒரு மடக்கு குடித்தார். டம்ளர் காலியாகும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.