மாலையைத் தின்ற வண்டி

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஃபிட்டராக இருக்கும் அன்புராஜுக்கு ஒரே பைத்தியம். வேலைக்குப் போகவும் ரேஸில் பறக்கவும் அவனுக்கு ஒரே வண்டி வேண்டும். பழைய பைக் ஒன்றைப் பிரித்துப்போட்டு, சின்ன டீசல் காரிலிருந்து கழற்றிய, எஞ்சினுக்கு வலுவேற்றும் டர்போவை அதில் பொருத்தியிருந்தான். அது கெட்டால் மாற்று கிடையாது. நாளைக்கு ரேஸ், இன்றைக்குத்தான் முதல் ஸ்டார்ட்.

அவன் மனைவி ஈஸ்வரிக்கு அந்த வண்டியைக் கண்டாலே பயம். புருஷனை எங்கேயாவது தூக்கிப் போட்டுவிட்டால்? அதனால் சாமந்தி வாங்கித் தன் கையாலேயே வாழைநாரில் நெருக்கித் தொடுத்து வந்தாள். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். ஹேண்டில்பாரில் மாலையைக் கட்டினாள். அதன் நுனி, டர்போவுக்குக் காற்று போகும் குழாயின் வாயருகே தொங்கியது. அந்த வாய்க்குப் போடவேண்டிய ஃபில்டரை அன்புராஜ் ஓரமாக வைத்திருந்தான். டர்போ விசிலடிப்பதை மறைப்பில்லாமல் கேட்க வேண்டுமாம் துரைக்கு!

எஞ்சின் உறுமியது. அவன் ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க, உறுமலுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பி மேலே மேலே ஏறியது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. ஈஸ்வரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த கணம் ஒரே இழுப்பு. மாலையில் பாதியைக் காணோம்.

அன்புராஜ் பதறி வண்டியை அணைத்தான்.

"நானே கெடுத்துட்டனேய்யா!" என்றாள்.

"நான்தான்மே மூடாம வுட்டேன்."

குழாயைக் கழற்றினான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சக்கரம். அதன் இறக்கைகளில் நார் இறுகச் சுற்றியிருந்தது. பூ அரைத்த சந்தனமாகியிருந்தது. ஓர் இறக்கை வளைந்திருந்தாலும் எல்லாம் போச்சு. ஸ்க்ரூ டிரைவரை நாருக்கடியில் விட்டு நெம்பப் போனான்.

"கைய எடு. நான் தொடுத்த நாரு, நானே அவுக்கிறேன்."

விரல் நுனியால் முடிச்சு முடிச்சாகப் பிரித்தாள். கடைசி இழையும் வந்தது. அன்புராஜ் ஒவ்வொரு இறக்கையாகத் தடவிப் பார்த்தான். எதுவும் வளையவில்லை.

ஒட்டியிருந்த இதழைப் போக்க ஈஸ்வரி வாயால் ஊதினாள். சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. அவள் ஊதி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாய்யா இது, ஊதனதுக்கே சுத்துது?"

"இதே அச்சுல அந்தாண்ட இன்னொரு சக்கரம் கீது. எஞ்சின் வெளிய தள்ற பொகை அத்த சுத்தவுடும். அதோட இதுவும் சுத்தி, காத்த உள்ள இழுக்கும். நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல."

நெடுஞ்சாலையில் லாரிப் புகைக்கு மூக்கைப் பொத்தியே வளர்ந்தவள் அவள். வீணாய்ப் போகிற அந்தப் புகைக்கா இவ்வளவு வலு? அவளால் நம்பவே முடியவில்லை. குழந்தை மாதிரி இன்னொரு முறை ஊதிப் பார்த்தாள்.

அன்புராஜ் குழாயை மறுபடி மாட்டி, அதன் வாயில் ஃபில்டரை இறுக்கிப் பூட்டினான். மிச்ச மாலையை ஈஸ்வரி பின்சீட்டுக் கம்பியில் கட்டினாள்.

"ரேசுக்கு நாளிக்கு நீ போ. இன்னிக்கு ரோட்டுக்கு ஏத்தாப்ல அதோட வேகத்த கொறச்சி வையி. எளாவூர் வரிக்கும் நானும் வரேன்."

"பயமா இல்லியா?"

"கீது. அதான் ஒன்னிய புடிச்சிக்கினு வரேன்."

ஏறி உட்கார்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வண்டி கிளம்பியபோது டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் அந்த விசிலில் யாருக்கும் கேட்கவில்லை.