சும்மா நின்ற சக்கரம்

புருஷன் வீட்டில் இருக்கும்போது சுமைரா மிக்ஸி போடுவதில்லை. போட்டால் முகைதீன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். அந்தக் கொர்ரென்ற சத்தத்தில் அவருக்குக் கேட்பது சேற்றில் சுழலும் டயர். போன வருஷம் ஐப்பசியில் கேட்டது, இன்னும் நின்றபாடில்லை.

அவரிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும், கரிசல் காட்டுக்கு இதுதான் வண்டி என்று ஆசையாக வாங்கியது. ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்களிலிருந்து காலையில் பட்டாசுக் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போவார். மத்தியானம் அட்டைப்பெட்டி லோடு. சாத்தூர் மெக்கானிக் தனுஷ்கோடி வாங்கிய புதிதிலேயே சொன்னான்.

"பாய், நாலு சக்கரம்னு பேருதான். ஒரு பக்கம் சேத்துல வழுக்குச்சுன்னா இழுவை பூரா அந்தச் சக்கரத்துக்கே போயிரும். மறுபக்கம் கெட்டித் தரையில சும்மா நிக்கும். பின்னாடி அச்சுல ஒரு லாக் போட்டுருவோம். பட்டனை அமுக்கினா ரெண்டும் சேந்து சுத்தும்."

"பட்டன்னா, கரண்டா?"

"ஒரு வயரு வரும், அம்புட்டுதான்."

"ஏலே, வெடிமருந்து இருக்க எடத்துக்குப் போற வண்டி இது. பொறி பறக்கிற சாமானெல்லாம் எனக்கு வேண்டாம்லே."

அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா? கம்பெனி வாசலில் தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தைக்கூட இறக்கிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் கால் வைக்க வேண்டும். பொறிக்குப் பயந்து பயந்தே தலை நரைத்த மனுஷன். அவர் வண்டியிலேயே ஹெட்லைட்டு, ஹாரன் என்று முழம் முழமாக வயர் ஓடுவது அன்றைக்குப் புத்தியில் ஏறவில்லை.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம் ஷெட் ஒன்று வெடித்தது. தினமும் முகைதீன் வண்டியில் வேலைக்கு வரும் பாண்டிமீனா உடம்பெல்லாம் வெந்து கிடந்தாள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாமல், வாழையிலையில் சுற்றி அதே வண்டியில் ஏற்றினார்கள். காட்டு வேலையை விட்டு ஓடிவந்த அவள் புருஷன் கருப்பணன் பின்னால் ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஓடையைத் தாண்டும் ஏற்றத்தில் இடது பின்சக்கரம் சேற்றில் சுற்றோ சுற்றென்று சுற்றியது. வலது சக்கரம் சரளையில் அசையாமல் நின்றது. முன்பக்கமும் அதே கதைதான். ஆட்கள் வந்து தள்ளி மேலே ஏற்ற முக்கால் மணி நேரமானது. அதற்குள் பாண்டிமீனாவின் முனகல் நின்றுவிட்டிருந்தது.

இந்த வருஷம் முதல் மழை விழுந்ததும் தனுஷ்கோடி போன் செய்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு லாக் வந்திருக்கிறது, மாட்டலாமா என்று கேட்டான். பார்ப்போம் என்றார் முகைதீன். மறுநாளும் பார்ப்போம் என்றார்.

அவருக்கு இப்போது பொறியைப் பற்றிப் பயமில்லை. லாக்கைப் போட்டு, அந்த ஏற்றத்தில் வண்டி ஏறித் தொலைத்துவிட்டால்? பாண்டிமீனாவைக் கொன்றது தன்னுடைய பிடிவாதம் என்று ஆகிவிடும். போடாமலே இருந்துவிட்டால், எழுதியது நடந்தது என்று காலத்தை ஓட்டலாம். ஆனால் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் காலி வண்டியில் அந்த வாழையிலை கிடக்கிறதே! அதை என்ன செய்வது?

நாலாம் நாள் காலை, ஆள் ஏற்றும் இடத்தில் தூக்குவாளியோடு கருப்பணன் மகள் அழகுமீனா நின்றாள்.

"இன்னைலருந்து நானும் வாரேன் மாமா. அம்மா பாத்த கம்பெனிதான், தொறந்துட்டாகல்ல."

ஏறி, அவள் அம்மா உட்காரும் மூலையிலேயே போய் உட்கார்ந்தாள். யா அல்லாஹ்! அன்று மத்தியானமே வண்டியைச் சாத்தூரில் கொண்டுபோய் நிறுத்தினார்.

இரண்டு நாள் வேலை. முடிந்ததும் நேரே ஓடைக்கு ஓட்டினார். பக்கத்துக் காட்டில் நின்றிருந்த கருப்பணன் வண்டியைப் பார்த்து இறங்கி வந்தான்.

"என்ன பாய், இங்கன நிக்கீக?"

"புதுசா ஒன்னு மாட்டிருக்கேன்பா. மேடு ஏறுதான்னு பாக்கணும்."

கருப்பணன் பின்னால் ஏறினான். அன்று உட்கார்ந்த அதே இடம்.

முதலில் பட்டனை அமுக்காமல் ஏற்றினார். இடது சக்கரம் சுழன்றது. அந்தச் சத்தம் வந்தது. கண்ணாடியில் பார்த்தால், கருப்பணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். அடப்பாவி, இவனுக்கும் இத்தனை நாள் இது கேட்டுக்கொண்டுதான் இருந்ததா!

பட்டனை அமுக்கினார். அடியில் டக்கென்று ஒரு சத்தம். வலது சக்கரம் சரளையைப் பிடித்தது. வண்டி ஒரு தடவை குலுங்கி மேட்டில் போய் நின்றது. ஐந்து எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருப்பணன் காதிலிருந்து கையை எடுத்தான்.

"அம்புட்டுதானா பாய்?"

"அம்புட்டுதான்." முகைதீன் இன்ஜினை அணைத்தார். "வண்டி வாங்குன புதுசுலயே இதை மாட்டச் சொல்லி தனுஷ்கோடி சொன்னான்பா. நாந்தான் வேண்டாம்னேன்."

கருப்பணன் கீழே இறங்கினான். தூறல் போட்டது.

"ஏறுப்பா, வீட்டுல விடுறேன்."

"வேண்டாம். நான் நடந்துக்கிடுதேன்." பத்தடி போனவன், திரும்பாமலே நின்றான். "காலைல மகளை ஏத்திக்கிட வந்துருங்க. அவளுக்கு வேற வண்டி இல்ல."