மல்லாட்டை நிலவரம்

‘திண்டிவனம் மல்லாட்டை நிலவரம்’ என்னும் பெயர் தாங்கிய அந்த வாட்ஸப் குழுவில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையைப் பயிரிடுவோர் ஒருவரும் இலர், விற்போரும் இலர், வாங்குவோரும் இலர். இருந்தோர் அனைவரும் கணவனைப் பிரிந்து வந்த பெண்கள், அல்லது பிரியலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த பெண்கள்.

குழுவைத் தொடங்கியவள் விழுப்புரத்தில் பெண்களுக்கான தையற்கடை நடத்திவந்த ரோஸ்லின். தன் மணவாழ்வு முறிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னர், ‘அன்று எனக்குப் பேச்சுத் துணைக்குக்கூட ஒருத்தி இல்லை, இனி வருபவளுக்கு நான் இருப்பேன்’ என்று முகநூலில் எழுதினாள். அதைப் படித்து ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். பெயர் வைக்கும் வேளையில்தான் சிக்கல் எழுந்தது. பெண்ணின் அலைபேசி வீட்டில் அனைவருக்கும் பொதுவான பொருள் அன்றோ? தம்பி கிரிக்கெட் பார்க்க எடுப்பான். தாய் சித்தியுடன் பேச எடுப்பாள். ‘பிரிந்தோர் ஆறுதல் குழு’ என்று திரை ஒளிர்ந்தால் வீடு இரண்டுபட்டுவிடும். ஆகவே எவருக்கும் திறந்து பார்க்கத் தோன்றாத ஒரு பெயரை ரோஸ்லின் தேர்ந்தெடுத்தாள்.

பேச்சும் பெயருக்கேற்பவே அமைந்தது. அழுதவள் ‘மூட்டை நனைந்தது’ என்று எழுதினாள். மனம் சோர்ந்தவள் ‘விலை சரிவு’ என்று தெரிவித்தாள். சமாதானம் பேச வருபவர் ‘வியாபாரி’. கணவனிடம் திரும்பிவிடலாமா என்று தடுமாறுபவளுக்கு மற்றவர்கள் ‘சரக்கை இறக்காதே’ என்று திடம் கூறினார்கள். கணவன்மார் அனைவருக்கும், சாதி சமய வேறுபாடு சிறிதுமின்றி, ‘சொத்தை’ என்பதே பெயர்.

இவ்வளவு சிந்தித்த ரோஸ்லின் ஒன்றைமட்டும் சிந்திக்கத் தவறினாள். குழுவில் இருந்த அம்சாவின் தந்தை வேங்கடேசன் மல்லாட்டை விவசாயி. உலகத்தில் வேறு எந்தப் பெயரைக் கண்டிருந்தாலும் அம்மனிதர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, பங்குனி மாதம். பொங்கலுக்குப் பிறந்தகம் வந்த அம்சா விழுப்புரத்திலிருந்த கணவன் கோபியிடம் திரும்பவே இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்று பெற்றோரிடம் கூறிவிட்டு, பிரம்மதேசத்தை அடுத்த தன் ஊரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி, திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குச் சென்றுவந்தாள். உடம்புக்கு முடியாதவள் எவ்வாறு பேருந்தில் நின்றுகொண்டே போய்வருகிறாள் என்று தாய் பச்சையம்மாள் இருமுறை கேட்டுவிட்டாள். இந்நிலையில்தான், வரும் ஞாயிற்றுக்கிழமை தன் பெரியப்பா முத்துசாமியுடன் வந்து அவளை அழைத்துப்போவதாகக் கோபி சொல்லியனுப்பினான். வேங்கடேசனும் ‘வாங்க’ என்று சொல்லிவிட்டார்.

அம்சாவின் அச்சம் இதுதான்: பெரியவர்கள் முன்னிலையில் தன்னால் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் என்று கேட்பார்களே, அதற்கு அவர்கள் ஏற்கக்கூடிய ஒரு காரணம் தன் கையில் இல்லையே!

வெள்ளிக்கிழமை மாலையில் அவள் குழுவில் எழுதினாள்: ‘ஞாயிறு அன்று வியாபாரி வருகிறார். கடும் விலை சரிவு. மூட்டை நனைந்துவிட்டது.’

ரோஸ்லின் உடனே பதில் விடுத்தாள்: ‘யார் வந்து கேட்டாலும் சரக்கை இறக்காதே. ஞாயிறு தாண்டட்டும். விலை தானாக ஏறும்.’

அலைபேசி அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வழியே துண்டெடுக்கச் சென்ற வேங்கடேசன் ஒளிர்ந்த திரையைக் கண்டார், நின்றார், எழுத்துக்கூட்டிப் படித்தார், ரோஸ்லினின் எண்ணைத் தம் பழைய பொத்தான் போனில் பதிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் வியாபாரி விருத்தாசலம் வண்டியுடன் வந்து வாசலில் நின்றார். இவர் மெய்யான மல்லாட்டை வியாபாரி.

“இன்னா வேங்கடேசா, மூட்டைய ஏத்தலாமா?”

“இன்னைக்கு வாணாம். ஞாயித்துக்கெழம தாண்டட்டும். வெல ஏறப்போவுது.”

“எவன் சொன்னான்?”

“எல்லாம் தகவல் வருதுய்யா. நீ இன்னும் அந்தக் காலத்துலயே கெடக்கற. எம் பொண்ணு குரூப்புல கீறா.”

உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த அம்சாவின் கையிலிருந்து சீப்பு நழுவியது. அவள் கூடத்திற்கு ஓடிவருவதற்குள் விருத்தாசலத்தின் வண்டி போய்விட்டது. வேங்கடேசனோ கூடத்தில் கிடந்த மல்லாட்டை மூட்டையின்மேல் வசதியாக அமர்ந்து, மேற்கொண்டு விவரம் அறிய ரோஸ்லினை அழைத்தேவிட்டார். அவருக்குக் காது சற்று மந்தம். ஆதலால் அவரது போன் எப்போதும் தெருவுக்கே கேட்கும்படி ஒலிக்கும்.

“மல்லாட்டை குரூப்புங்களாம்மா?”

மறுமுனையில் ரோஸ்லின் ஒரு கணம் தயங்கினாள். எப்போதாவது மணவாழ்வில் நொந்த ஆண்களும் அவளை அழைப்பதுண்டு. அவர்களையும் அவள் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

“ஆமாங்க. பயப்படாம பேசுங்க. பேருகூட சொல்ல வேணாம்.”

“பேரு சொல்றதுக்கு இன்னாம்மா பயம்? வேங்கடேசன். இங்க பிரம்மதேசம் பக்கம்.”

“எத்தினி வருஷமா கஷ்டப்படறீங்க?”

“முப்பது வருஷமாச்சு.”

“முப்பது வருஷமா! எப்படிங்க தாங்குனீங்க?”

“இன்னா பண்றது? எங்கப்பன் என் தலையில கட்டிட்டுப் போனது. ஒரு வருஷம் சிரிக்க வெக்குது, மூணு வருஷம் அழ வெக்குது. நம்ம போட்டுக்கினே இருக்க வேண்டியதுதான். திரும்பி ஒண்ணும் வராது.”

அம்சா வேண்டாம் வேண்டாம் என்று இரு கைகளையும் ஆட்டினாள். வேங்கடேசன் ‘சும்மா இரு’ என்று சைகை காட்டினார். விலை விவரம் அறிந்துகொள்ளும் நேரத்தில் பிள்ளைகள் குறுக்கிடுவது அவருக்குப் பிடிக்காது.

“மனசைத் தளர விடாதீங்க ஐயா,” என்றாள் ரோஸ்லின். அவள் குரல் நெகிழ்ந்திருந்தது. “உங்க சொத்தை இப்ப எங்க?”

“அதெல்லாம் பொறுக்கி, தனியா சாக்குல போட்டு வாயக் கட்டி வெச்சிட்டேன்.”

“சாக்குலயா!”

“ஆமா. மூலையில கெடக்குது. மாட்டுக்குப் போட்டுடலாம்னு.”

“ஐயோ, ஏசுவே! ஐயா, ஐயா, கோவத்துல எதையும் பண்ணிடாதீங்க. முதல்ல அந்த சாக்க அவுருங்க. மூச்சு இருக்குதா பாருங்க!”

சமையற்கட்டு வாயிலில் பச்சையம்மாள் கரண்டியுடன் நின்றாள். உரையாடலின் முற்பகுதி முழுவதையும் அவள் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள்.

“யோவ். முப்பது வருஷமா தலையில கட்டினதா நானு? உன்னைய அழ வெச்சனா? போட்டுக்கினே இருந்தியா? இன்னாய்யா போட்ட நீ? ஒரு கம்மல் போட்டியா?”

“அடியே, நான் மல்லாட்டையச் சொல்றேன்டி!”

“போன்ல ஒரு பொம்பளையாண்ட, காலங்காத்தால, மல்லாட்டையச் சொல்ற?”

“ஐயா, அவங்க பேசறாங்களே! உயிரோடதான் இருக்காங்களா? ஸ்தோத்திரம்!” என்று போன் கூவியது.

அம்சாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. பல மாதங்களாக வராத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்தாள். தாயும் தந்தையும் சண்டையை நிறுத்திவிட்டு அவளையே நோக்கினார்கள். சிரிப்பு மெல்ல அடங்கி அழுகையாக மாறவிருந்த தறுவாயில் அவள் சொன்னாள்:

“அப்பா, அது மல்லாட்டை குரூப்பு இல்ல. புருஷனை விட்டுட்டு வந்தவங்க குரூப்பு. சரக்குன்னா நானு. ஞாயித்துக்கெழம என்னைத்தான் இறக்க வாணாம்னு சொல்லியிருக்காங்க.”

விஷயத்தை உணர்ந்துகொள்ள வேங்கடேசனுக்குச் சற்று நேரம் பிடித்தது. மடியில் கிடந்த போனை எடுத்து அருகிலிருந்த மூட்டையின்மேல் வைத்தார், அணைக்க மறந்தார்.

“அடிச்சானா?”

“இல்லப்பா.”

“குடிச்சிட்டு வரானா?”

“இல்ல.”

“வேற பொம்பள எவளாச்சும்…”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“பின்ன இன்னாதான்டி?” என்றாள் பச்சையம்மாள்.

இந்த இடத்தில்தான் அம்சாவின் நாக்கு எப்போதும் ஒட்டிக்கொள்ளும். நோய்க்குப் பெயர் இருந்தால் மருந்துக்கடையில் கேட்கலாம். இதற்குப் பெயர் இல்லையே! அவ்வமயம் மூட்டையின் மேலிருந்து ரோஸ்லினின் குரல் தணிந்து ஒலித்தது.

“அம்சா, நீயாம்மா அது? பேரு வெக்க வரலைன்னா வுடு. நடந்ததை மட்டும் சொல்லு.”

அம்சா மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள்.

“கடைக்குப் போனா கடைய போட்டோ எடுத்து அனுப்பணும். கோயிலுக்குப் போனா எந்த சன்னதின்னு அனுப்பணும். குளிச்சிட்டு வர லேட்டானா, உள்ள யாரோட பேசினேன்னு கேப்பாரு. நீ போன் பண்ணாகூட ஸ்பீக்கர்ல போடணும்ப்பா. ஒருவாட்டி நீ ஏதோ சொன்னே, நான் சிரிச்சிட்டேன். எதுக்கு சிரிச்சேன், அந்த மாதிரி என்னாண்ட ஏன் சிரிக்கலன்னு விடிய விடிய கேட்டாரு.”

“அதான் அப்புறம் போன்ல சிரிக்கவே இல்லையா நீ? எனக்குத்தான் காது கேக்கலையோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்,” என்றார் வேங்கடேசன்.

பச்சையம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளின் அருகில் அமர்ந்தாள்.

“எனக்கே இப்பத்தான் புரியுது,” என்று வேங்கடேசன் தொடர்ந்தார். “அந்தப் பெரியவருக்கு எப்படிப் புரியவெப்பே? முறிஞ்ச குடும்பத்தையெல்லாம் ஒட்டவெக்கிறவருன்னு பேரெடுத்தவரு. அடிச்சானா, குடிச்சானான்னுதான் கேப்பாரு.”

அப்போதுதான் நினைவு வந்தவராகப் போனை எடுத்து அணைத்தார்.

ஞாயிறு வந்தது. முத்துசாமி வெள்ளை வேட்டியில் வந்து நாற்காலி நிறைய அமர்ந்தார். கோபி தேய்த்த சட்டை அணிந்து, ஆப்பிளும் சாத்துக்குடியும் கொண்டுவந்திருந்தான். “நல்லா இருக்கீங்களா மாமா? அத்த, உடம்பு எப்படி இருக்குது?” என்று பணிவுடன் வினவினான். அம்சா அந்தப் பணிவைப் பார்த்தாள். இவனைக் குறை சொன்னால் யார் நம்புவார்?

முத்துசாமி தொடங்கினார்: “பையன் அடிச்சானா? இல்ல. குடிச்சானா? இல்ல. அப்புறம் இன்னா பேஜாரு? ஜல்தியா பையை எடுத்துக்கினு கெளம்ப வேண்டியதுதானே?”

“காப்பி கொண்டாரேன்,” என்று அம்சா சமையற்கட்டுக்குள் ஒதுங்கினாள். அவளது அலைபேசி கூடத்தின் ஜன்னல் விளிம்பிலேயே இருந்துவிட்டது. “அம்மா, எனக்குப் பேச்சே வரலைம்மா,” என்று அவள் தாயிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் அந்த அலைபேசி ஒலித்தது. தொடர்ந்து தந்தையின் குரல் எழுந்தது. எழுத்துக்கூட்டி, உரக்க, பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல அவர் படித்தார்:

“உள்ள… யாரு கூட… பேசற? போட்டோ… அனுப்பு.”

சமையற்கட்டில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“மாப்ள,” என்றார் வேங்கடேசன். “கோபின்னு போட்டிருக்குது. நீங்க இங்கதான் உக்காந்துக்கினு கீறீங்க. எனக்கு ரெண்டு மாப்ளைங்களா?”

“அது வந்து மாமா… சும்மா…”

“இருங்க, இருங்க. கேட்டுட்டீங்க, அனுப்பாம இருக்கலாமா?”

அவர் அலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவாறு சமையற்கட்டுக்குள் நுழைந்தார். “பச்ச, இப்படித் திரும்பு. அந்தக் கரண்டியையும் காட்டு. அம்சா, எந்த பட்டன அமுக்கணும்?” அம்சா காட்டினாள். பச்சையம்மாள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். அடுப்பும், தயிர்ச்சட்டியும், ஜன்னலில் உறங்கிய பூனையும் முறையே படமாயின. கூடத்தில் கோபியின் சட்டைப்பையில் ஒவ்வொரு படத்திற்கும் ஒரு மணி அடித்தது.

“எட்றா அத, பாக்கலாம்,” என்று முத்துசாமி கை நீட்டினார்.

அம்சா காப்பித் தட்டுடன் வெளியே வந்தபோது பெரியவர் கோபியின் திரையில் பச்சையம்மாளின் முகத்தை வெகுநேரம் உற்றுநோக்கிக்கொண்டிருந்தார். பின்னர் திரையைக் கீழே இழுத்து, பழைய செய்திகளையும் சிறிது பார்த்தார். மீசை துடித்தது, சிரிப்பினாலா சினத்தினாலா என்று விளங்கவில்லை.

“இன்னாடா இது?”

“பாசம் பெரியப்பா. அவ மேல அவ்ளோ பாசம்.”

“எனக்கும் உங்க பெரியம்மா மேல பாசம்தான்டா. இந்நேரம் அவ எங்க கீறான்னு எனக்குத் தெரியாது. சாயங்காலம் வூட்டுக்குப் போனா இருப்பா.” அவர் அம்சாவின் பக்கம் திரும்பினார். முதன்முறையாக அவர் குரலில் கேள்வி இருந்தது. “நீ இன்னாம்மா சொல்ற?”

“அவ வர மாட்டாளுங்க,” என்று வேங்கடேசன் தொடங்கினார்.

“இருப்பா. நான் சொல்றேன்.” அம்சா தட்டைக் கீழே வைத்தாள். “நான் வரலைங்க. இன்னைக்கும் இல்ல, அப்புறமும் இல்ல.”

“கோவத்துல பேசறா,” என்றான் கோபி.

“கோவம் இல்ல. கையெழுத்து போடறதுக்கு எந்த கோர்ட்டுக்கு வரணும்னு சொல்லுங்க, வரேன். வழியில போட்டோ எடுக்காம வரேன்.”

முத்துசாமி இம்முறை வாய்விட்டுச் சிரித்தேவிட்டார். கோபி விருட்டென்று எழுந்து வாசலில் நின்ற தன் காரை நோக்கி நடந்தான். பெரியவரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழ முற்பட்டார். பேச்சு முறிந்த வீட்டில் கை நனைப்பது வழக்கமில்லை.

பச்சையம்மாள் வழிமறித்தாள். “பாயசம் வெச்சிருக்கேன், வடை சுட்டிருக்கேன். இத்தினியும் யாரு சாப்புடுவா? பேசினது போதும், எல போட்டாச்சு, உக்காருங்க.”

முத்துசாமி வாசலைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், அமர்ந்தார். “அவன் கார்ல ஏசி போட்டுக்கினு இருக்கட்டும்,” என்றார்.

ஜன்னல் விளிம்பில் அலைபேசி விடாமல் ஒலித்தது. குழுவினர் என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டவண்ணம் இருந்தனர். அம்சா எழுந்து, ‘நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்’ என்று மட்டும் எழுதினாள். தொடர்ந்து வந்து குவிந்த ஆரவாரத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று அதைக் கவிழ்த்துவைத்துவிட்டு இலையின் முன் வந்து உட்கார்ந்தாள். விழுப்புரத்தில் ஒவ்வொரு வேளையும் சோற்றைப் படமெடுத்து அனுப்பிய பிறகே அவள் உண்பாள்; இடக்கை எப்போதும் அலைபேசியைத் தாங்கியிருக்கும். இன்று அந்த இடக்கை செய்வதற்கு யாதொரு வேலையுமின்றி மடியின்மேல் கிடந்தது. அவள் வலக்கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, “அம்மா, இன்னொரு வடை,” என்றாள்.