குல்சும் போட்ட தேதி

அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் பதினெட்டு வருஷமாக நாட்டு நடப்பு என்றால் ரத்னாவிடம்தான் கேட்பார்கள். காந்தி நகரில் ஒரு அடுக்குமாடி வாசலில் அவளுக்கு இஸ்திரி வண்டி. துணி கொடுக்க வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் காதில் வாங்கி, சாயங்காலம் குழாயடியில் கொட்டுவாள். எந்தக் கட்சி யாரோடு சேரும், எந்த உதவித்தொகை யாருக்கு வரும் என்று அவள் சொன்னால் அதுதான் முடிவு.

குல்சும் குடிவந்த பிறகு அது மாறியது. வேளச்சேரி வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்து வந்தவள். ஜெராக்ஸ் கடையில் வேலை. குடியிருப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். எதைப் போட்டாலும் அடியில் ஒரு வரி இருக்கும்: எங்கே பார்த்தேன், யாரிடம் கேட்டேன். தெரியாவிட்டால் தெரியாது என்றே போடுவாள். தெரியாது என்பவளுக்கு என்ன மதிப்பு வரப்போகிறது என்று ரத்னா நினைத்தாள். மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

ஐப்பசியில் ஒருநாள், சட்டை கொடுக்க வந்த சுந்தரராமன் சார், "திங்கட்கிழமை உங்க வீட்டையெல்லாம் இடிக்கப் போறாளாமே, எனக்கு ஃபார்வர்ட் வந்துது" என்றார். ரத்னா அன்றைக்கே குழாயடியில் கூட்டம் கூட்டிவிட்டாள். நாலு குடும்பம் சாமானை மூட்டை கட்டின. அவள் புருஷன் பஞ்சாட்சரமோ, "இரு, குல்சும் இன்னா போட்டுக்கீதுன்னு பாக்கலாம்" என்றான்.

மறுநாள் குல்சும் மாநகராட்சி அலுவலகத்தில் விசாரித்துப் போட்டாள்: இடிப்பு இல்லை, மாற்று வீட்டுக்கான கணக்கெடுப்புதான். மூட்டையைப் பிரித்தவர்கள் ரத்னாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து குல்சும் போடுகிற ஒவ்வொன்றையும் ரத்னா துருவ ஆரம்பித்தாள். ஒரே ஒரு தப்பு கிடைக்காதா? துணி கொடுக்கும் வீடுகளில் பேப்பர் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு பேப்பரில் இருப்பது இன்னொன்றிலும் இருக்கிறதா என்று பார்த்தாள். அரசாணை நம்பரை வக்கீல் வீட்டில் கேட்டாள். மூன்று மாசம். எல்லாம் சரியாகவே இருந்தது. சரியாக இருக்க இருக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

தை மாசம் கிடைத்தது. கணக்கெடுப்பு முகாம் சனிக்கிழமை என்று குல்சும் போட்டிருந்தாள். வியாழன் மத்தியானம் அலுவலகப் பலகையில் ரத்னா பார்த்தாள்: வெள்ளிக்கிழமை. சந்தோஷத்தில் இரண்டு தரம் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

சும்மா இருந்தாலே போதும். நாளைக்கு முகாம் வந்து போய்விடும், பாதிப் பேர் வேலையில் இருப்பார்கள். சனிக்கிழமை அத்தனை பேரும் குல்சும் வாசலில் நிற்பார்கள். சட்டைகளைத் தேய்த்தபடி அதையே நினைத்து நினைத்து ருசித்தாள். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு வைதேகியின் ஞாபகம் வந்தது. தி. நகர் துணிக்கடையில் பெருக்குகிறவள், கெஞ்சிக் கூத்தாடிச் சனிக்கிழமைக்கு லீவு வாங்கியிருந்தாள். பேர் விட்டுப்போனால் அவளுக்கு மாற்று வீடு கிடையாது.

ரத்னா இஸ்திரிப் பெட்டியிலிருந்த கரியைக் கொட்டிவிட்டுக் குழாயடிக்கு நடந்தாள்.

"இன்னா குல்சும், கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? எத்தினி குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும்!" தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள் முன் போனை நீட்டி, எல்லார் காதிலும் விழட்டும் என்றே கத்தினாள்.

குல்சும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் வெளிறியது. "ஆமாக்கா. போன்ல கேட்டேன், நேர்ல போய்ப் பாக்கல. என் தப்புதான்." அங்கேயே நின்று குழுவில் போட்டாள்: "நான் சொன்ன தேதி தப்பு. முகாம் நாளைக்கு. ரத்னா அக்கா நேரில் பார்த்து வந்து சொன்னார்கள். மன்னிக்கவும்." படிக்கத் தெரியாத வீடுகளுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள்.

"தப்புன்னு பட்டுன்னு ஒத்துக்கினா பாரு, அதான் அந்தப் பொண்ணு" என்றான் பஞ்சாட்சரம், ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே. ரத்னா குழம்புச் சட்டியை ணங்கென்று வைத்தாள். தப்பைப் பிடித்தவள் எதிரில் நிற்கிறாள், பாராட்டு தப்புச் செய்தவளுக்கு!

முகாமில் ஒரு பேர்கூட விட்டுப்போகவில்லை. வரிசையில் குல்சும் பின்னால் வந்து நின்றாள். "அக்கா, இனிமே போடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட காட்டட்டுமா? உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

காத்திருக்கட்டும் என்று ரத்னா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"காட்டு. ஆனா என் பேரு மேல வரணும், உன்னுது கீழ."

குல்சும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அவள் சிரிப்பு அழகாயிருந்தது. அதுவும் ரத்னாவுக்குப் பொறுக்கவில்லை.