அப்பாவுக்கு ஆறு பாட்டில்

பெல்ஜியத்தில் இருந்த நாலு வருஷத்தில் மணிவேல் நானூற்றுப் பதினாலு வகை பீர் குடித்திருந்தான். ஊரார் கட்டிவிட்ட கதையல்ல இது. ஒவ்வொன்றின் பெயர், நிறம், வாசனை, அஞ்சுக்கு எத்தனை மதிப்பெண் என்று அவனே கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தான். செர்ரிப் பழத்தை ஊறப்போட்டுச் செய்தது, கோதுமையில் காய்ச்சியது, கடுங்காப்பி நிறத்தில் கசப்பது, முதல் வாய்க்கே முகத்தைக் கோணவைக்கும் புளிப்பு என்று அந்த ஊரில் பீருக்கா பஞ்சம்? அது போதாதென்று லீவு கிடைத்தால் ரயிலேறி ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் போய் அங்கே உள்ளதையும் ஒரு கை பார்த்துவிட்டு வருவான். குடிகாரன் வேறு, ரசிகன் வேறு என்பது அவன் கட்சி. குடிகாரன் கிடைத்ததைக் குடிப்பான், தான் தேடித் தேடி ருசி பார்க்கிறவன் என்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

இந்த ருசியையெல்லாம் உட்கார்ந்து கேட்க உலகத்தில் அவனுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோன அவன் அப்பா சகாதேவன். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போது ஒரு பாட்டில் பீர் உடைப்பார். அதிலும் பாதி, கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் தம்பி அப்பாசாமிக்குப் போய்விடும். மகன் வெளிநாடு போன பிறகு ஞாயிறு மதியம் ஒன்றரைக்கு வீடியோவில் கூப்பிடுவான். இவர் கையில் ஒரு டம்ளர், அவன் கையில் ஒரு கண்ணாடிக் கோப்பை. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்து அப்பனும் மகனும் ஒருவருக்கொருவர் கம்பெனி கொடுத்துக்கொள்வார்கள்.

ஒருமுறை, மடத்தில் சாமியார்களே காய்ச்சி விற்கிற பீர் இது என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். சகாதேவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கிரிவலம் போகிற நம்ம மலையைச் சுற்றி இத்தனை சாமியார்கள் இருக்கிறார்கள், ஒருத்தருக்கும் இந்த யோசனை வரவில்லையே என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே மணிவேல் அடுத்த வாரம் பஸ் பிடித்து இன்னொரு மடத்தைத் தேடிப் போனான். அப்பாவைச் சிரிக்க வைப்பதில் அவனுக்கு அவ்வளவு ஆசை.

கடைசி ரெண்டு வருஷமாக அவர் கையில் டம்ளர் இல்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஆனாலும் இன்றைக்கு என்ன குடிக்கிறாய், எப்படி இருக்கிறது என்று விடாமல் கேட்பார். கேட்டுவிட்டு, வாரம் தவறாமல் இன்னொரு கேள்வியும் கேட்பார்.

"அங்க மணி என்னாடா இப்ப?"

பத்துதான் ஆகிறது, இங்கே மூணரை மணி நேரம் கம்மி என்று அவனும் வாரம் தவறாமல் சொல்லித் தருவான். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, மண்டையில் நிற்கவில்லை என்று நினைத்துக்கொள்வான். தான் குடிக்க முடியாததை மகன் வாயால் கேட்டாவது மனுஷன் ருசிக்கட்டுமே என்று, வாரத்துக்கு ஒன்றாக இருந்த புதுப் பீர் ரெண்டாகி, மூன்றாகியது. ஊருக்கு வரும்போது உனக்கு நல்லதாகப் பார்த்து வாங்கி வருகிறேன் என்று ஆசை காட்டுவான். முதலில் நீ வந்து சேர் என்பார் அவர்.

வந்து சேர்ந்தான், பாவி, அப்பா போன பதிமூன்றாம் நாள்.

காலையில் பால் வாங்கி வந்தவர், கேட்டைச் சாத்தும்போதே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. மணிவேலின் குடியிருப்பு அட்டை அப்போது புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வராமல் கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், வேலையும் போய்விடும். அட்டைக்காக அவன் ஆபீஸ் ஆபீசாக அலைந்த நேரத்தில் இங்கே சித்தப்பா அப்பாசாமி கொள்ளி வைத்துவிட்டார். பெற்ற பிள்ளை ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்க, தம்பி கையால் கொள்ளி. மணிவேல் அதைக் கைப்பேசியில் பார்த்து அழுதான். அழுதுகொண்டே குடித்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விமானத்தில் ரெண்டு லிட்டருக்கு மேல் கொண்டுவர விடமாட்டார்கள். அதற்குள் அடங்குகிற மாதிரி ஆறு சின்னப் பாட்டில். நானூற்றுப் பதினாலில் ஆறைப் பொறுக்க அவனுக்கு ஒரு முழு நாள் பிடித்தது. ஒவ்வொன்றையும் சட்டையில் சுற்றி, பெட்டிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஆறையும் அவன் தொடவில்லை. பெரிய வைராக்கியந்தான்! அதைத் தொடாமல் இருப்பதற்காகத் தினமும் காலையும் மாலையும் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பி, பைபாஸ் பக்கம் நேரங்காலம் பார்க்காமல் சரக்கு விற்கிற கடையில் உட்கார்ந்துவிட்டு, பாக்கு மென்றுகொண்டு திரும்பி வந்தான்.

கருமாதி முடிந்த மறுநாள் அவர்கள் வழக்கத்தில் கறிப்படையல். போனவருக்கு உயிரோடு இருந்தபோது எதெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் படத்துக்கு முன்னால் இலையில் வைத்து, விளக்கேற்றி, சூடம் காட்டிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் போனவர் வந்து சாப்பிடுவார். யாரும் உள்ளே போகக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. பிறகு கதவைத் திறந்து, படைத்ததில் முதல் வாயைப் பிள்ளை வாங்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி.

வெற்றிலை, வேட்டி, மட்டன் குழம்பு, வறுத்த மீன், வேர்க்கடலை எல்லாம் வைத்தாயிற்று. மணிவேல் ஆறு பாட்டிலையும் கொண்டுவந்து வரிசையாக வைத்தான். மடத்துப் பீரைத் திறந்து அப்பாவின் எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து ஊற்றினான். நுரை விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. அப்பாசாமி அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாய் என்று அவன் முதுகைத் தட்டினார். அவன் அம்மா ராஜம்மாள் கடைசியாகச் சாதத்தை எடுத்துக்கொண்டு வந்தவள், பாட்டில்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அதற்குள் சூடம் கொளுத்தியாயிற்று. எல்லோரும் விழுந்து கும்பிட்டு வெளியே வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

வாசல் பந்தலில் சொந்தக்காரர்கள் மலையைப் பார்த்தபடி மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ராஜம்மாள் மகனை மோட்டார் ரூம் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"அத ஏன்டா வச்ச?" என்றாள்.

"அப்பாவுக்குப் புடிக்கும்மா."

"புடிக்கும். ஆனா தொட மாட்டாரு."

அவள் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, யார் காதிலும் விழாத குரலில் சொன்னாள். ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் பேசி முடித்த பிறகும் சகாதேவன் போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை. அங்கே மணி பத்துதான் ஆகிறது, ஜனங்கள் இன்னும் காலை டிபனே முடித்திருக்க மாட்டார்கள், இவன் கையில் ரெண்டாவது பாட்டில் என்று சொன்னார். போன வாரமும் அப்படித்தான், அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் என்றார். அன்றிலிருந்து வாராவாரம் மணி கேட்டார். பத்து என்று சொல்கிறபோதாவது அவன் காதில் அது விழாதா என்ற நப்பாசை அவருக்கு.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு முனீஸ்வரன் இருக்கிறார். குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கையில் இருக்கிற வரைக்கும் தொடக் கூடாது. தொட்டால் முனி சும்மா விடமாட்டார் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரிய பெரிய குடிகாரனுக்கும் பயம் உண்டு. சகாதேவன் அங்கே போனார். குடிக்கிறவன்தான் வர வேண்டும் என்றார் பூசாரி. அவன் வரமுடியாத தூரத்தில் இருக்கிறான், அவன் பேரில் எனக்குக் கட்டுங்கள் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். அப்படியானால் நீ தொடக் கூடாது, உன் பிள்ளை இங்கே வந்து விட்டுவிட்டேன் என்று சொல்கிற அன்றைக்குத்தான் அவிழ்க்கலாம் என்று சொல்லிப் பூசாரி கட்டிவிட்டார். கூடப் பிறந்த தம்பிக்குக்கூட அவர் இதைச் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, வயிறு சரியில்லை என்று ஊருக்கெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"நானும் அதான் கேட்டேன். சொன்னா போன் பண்றத நிறுத்திடுவான்னாரு. எங்கிட்ட சொல்லிக்கினாவது குடிக்கட்டும், எவ்ளோ குடிக்கிறான்னாச்சும் தெரியுமில்லன்னாரு."

அவர் சிரிக்கட்டும் என்று இவன் குடித்தான். இவன் மறைக்காமல் சொல்லட்டும் என்று அவர் சிரித்தார். கயிறு எங்கே என்று கேட்டான். குளிப்பாட்டும்போது அறுக்கச் சொன்னார்களாம். வேண்டாம் என்று தடுத்தது அவள்தானாம். கயிற்றோடேதான் எரிந்தார் என்றாள்.

அப்போதுதான் மணிவேலுக்குச் சாத்திய கதவு ஞாபகம் வந்தது. உள்ளே அப்பா வந்திருப்பார். எத்தனை நாள் ஆசை, மகன் கையால் ஊற்றி வைத்தது, நுரை பொங்க எதிரில் இருக்கிறது. கையில் கயிறு. டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், வேறென்ன செய்வார்? செத்த பிறகும் அவரை அந்தச் சத்தியத்துக்குக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோமே என்று பதறினான். டம்ளரை எடுத்துவிடலாம் என்று கதவை நோக்கி ஓடினான். அப்பாசாமி குறுக்கே கையை நீட்டி மறித்தார்.

"டேய், அண்ணன் சாப்புடறாருடா," என்றார்.

அவன் கதவுக்கு வெளியே நின்றான். ஐந்து நிமிஷம் இருக்கும். அப்படி ஒரு ஐந்து நிமிஷத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

கதவைத் திறந்தார்கள். நுரை அடங்கிப்போயிருந்தது. டம்ளர் வைத்தபடிக்கு அப்படியே இருந்தது. அப்பாசாமி அதை எடுத்து, அண்ணன் ஆசையாகக் குடித்தது, முதல் வாய் நீதான் வாங்க வேண்டும் என்று அவனிடம் நீட்டினார். வாசனை மூக்கில் ஏறியது. விடிந்ததிலிருந்து வீடு நிறைய ஆட்கள். அன்றைக்கு அவனால் பைபாஸ் பக்கம் போக முடிந்திருக்கவில்லை. வேண்டாம் என்று வாய் சொல்வதற்குள் கை போய் வாங்கிக்கொண்டது. நாக்கில் எச்சில் ஊறியது. அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனால் ஊறியது. டம்ளர் கையில் நிற்காமல் ஆடி, பாதி பீர் வேட்டியில் கொட்டியது. பாவம், அப்பனை நினைத்துப் பிள்ளை நடுங்குகிறது என்று பின்னாலிருந்து யாரோ ஒரு அத்தை உச்சுக் கொட்டினாள். ராஜம்மாள் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தான். நாலு வருஷமாக அப்பாவிடம் கசப்பும் புளிப்பும் நுரையும் வாசனையுமாகப் பேசியவன், அன்றைக்குத்தான் ருசியைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் பேசினான்.

"காலைல எழுந்ததுமே ஆரம்பிச்சிடறேன்ப்பா. அது இல்லன்னா கை நிக்க மாட்டேங்குது."

அப்பாசாமிக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. ராஜம்மாள் வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அது அடங்கவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பட்டும், நாளைக்குக் காலையில் ரெண்டு பேருமாக ஏரிக்கரைக்குப் போய்க் கயிறு கட்டிக்கொண்டு வரலாம் என்று அவன் காதோடு சொன்னாள்.

"இப்பவே கூட்டிட்டுப் போம்மா," என்றான் மணிவேல். "நாளைக்கின்னா நான் வரமாட்டேன்."