மாமனாரின் எட்டாயிரம் அடிகள்

"அப்பாவை அசைக்காதீங்க! உட்கார்ந்த இடத்துலயே இருக்கட்டும்!" என்று கத்திக்கொண்டே மகன் வீட்டுக்குள் பாய்ந்தான். மருத்துவமனையிலிருந்து போன் வந்திருந்தது. பெரியவரின் இதயத்துடிப்பு காலையிலிருந்து தாறுமாறாக இருக்கிறதாம். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டதாம்.

வறுகடலை கொறித்துக்கொண்டிருந்த பெரியவருக்கு அதைக் கேட்டதும் வியர்த்துக் கொட்டியது. மகள் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே ஓவென்று அழுதாள். "மரம் மாதிரி நிக்கிறியே, தண்ணி கொண்டா!" என்று அண்ணன் மனைவியிடம் எரிந்து விழுந்தாள்.

"மாமாவுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மருமகள். பாத்திரம் தேய்த்த ஈரக் கையை நீட்டினாள். மருத்துவமனை கொடுத்த பட்டை அவள் மணிக்கட்டில் இருந்தது.

நாடித்துடிப்பு, தூக்கம், நடந்த அடிகள் என்று எல்லாவற்றையும் இணையம் வழியாக மருத்துவமனைக் கணினிக்கு அனுப்பும் பட்டை அது. தினமும் எட்டாயிரம் அடி நடக்கச் சொல்லி டாக்டர் அதைப் பெரியவருக்குத்தான் கட்டிவிட்டார். நடப்பதா? முப்பது வருடம் மணியடித்தே காபி வரவழைத்துக் குடித்த அதிகாரி அல்லவா! "நீ எப்படியும் நாளெல்லாம் நடக்கிறவதானே" என்று இரண்டாம் நாளே மருமகள் கையில் மாட்டிவிட்டார். மாடிக்கு அவர் துணி, கீழிருந்து அவர் வெந்நீர் என்று அவள் நடந்தாள். டாக்டரின் பாராட்டைக் கூச்சமே இல்லாமல் அவர் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரமாக அவள் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று. "இந்த வயசுல என்ன மூச்சு? வேலை செய்ய உடம்பு வணங்கலைன்னு சொல்லு," என்றான் அவன்.

"அப்ப அந்தத் துடிப்பு இவளோடதா?" என்று இப்போது கேட்டான்.

"ஆமாண்டா," என்றார் பெரியவர், தலையைச் சொறிந்தபடி.

"அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்கப்பா!"

சிரித்தே விட்டான், பாவி! பெரியவர் கடலைத் தட்டைத் தேடினார். "எங்க உயிரே போயிடுச்சு. முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கண்ணைத் துடைத்தாள் நாத்தனார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகளின் உதடு வெளுத்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இருவர் வந்து நின்றார்கள். "பேஷண்ட் யாரு?"

"யாருமில்லைங்க. ஆள் மாறிப்போச்சு, நீங்க கிளம்புங்க," என்றான் கணவன்.

"நான்தான்," என்றாள் அவள். யாரையும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ஏய், அடுப்புல சோறு?" என்று பதறினான் அவன்.

பெரியவருக்கு வேறு கவலை. "போறதுன்னா போம்மா. அதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ. இன்னைக்கு இன்னும் ரெண்டாயிரம் அடி இருக்கு, டாக்டர் திட்டுவாரு."

அவள் பட்டையை மறு கையால் மூடிக்கொண்டாள்.

"தர மாட்டேன் மாமா. எனக்கு முடியலைங்கிறதை இந்த வீட்டுல நம்பினது இது ஒண்ணுதான். மிச்ச அடியை நீங்களே நடங்க."