தொண்ணூற்றெட்டில் எழுந்தவர்

அத்தான் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. டிவியில் கிரிக்கெட் ஓடும்போது நம் ஆள் தொண்ணூறைத் தொட்டுவிட்டால், நூறு வரும்வரை யாரும் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது.

இந்தச் சட்டம் வரக் காரணம் நான்தான். பல வருடங்களுக்கு முன்னால் ஒருவர் தொண்ணூற்றொன்பதில் இருந்தபோது தண்ணீர் குடிக்க எழுந்தேன். டம்ளர் உதட்டுக்கு வருவதற்குள் ஸ்டம்ப் பறந்துவிட்டது. "மாப்ள காலத் தூக்கினா விக்கெட்டு" என்று அத்தான் அன்று சொன்னது இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர். மழைநாளில் டிப்போ வாசலில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, எலும்பும் கூடிவிட்டது. ஆனால் வாக்கரிலிருந்து கையை எடுக்க மட்டும் மாட்டேன் என்கிறார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண் கிளம்பும்போதெல்லாம், "காலுக்கு ஒண்ணுமில்ல சார், பயந்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். திங்கட்கிழமை டிப்போ மருத்துவர் முன்னால் எதையும் பிடிக்காமல் நடந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் போய்விடும். விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கிடைக்கும்.

"அஞ்சாம் நம்பர் எங்க நிக்கும்னு கேக்கறவனுக்குக் கை காட்டிக்கிட்டு உக்காரணுமா? என்னால ஆகாது மாப்ள" என்பார். சரி, நடந்து பாருங்கள் என்றால், "சாயங்காலம் பாக்கலாம்" என்பார். எத்தனையோ சாயங்காலம் போய்விட்டது.

நான் சொல்ல வந்தது அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறு. டெஸ்ட்டின் ஐந்தாம் நாள். ஜெயிக்க வழியே இல்லை. மாலைவரை நின்றால் டிரா, இல்லாவிட்டால் தோல்வி. பாதி அணி அவுட்டாகி உள்ளே போய்விட்டது. ஒரு முனையில் அத்தான் 'கொத்தனார்' என்று பட்டம் வைத்திருக்கும் மட்டையாளர் மட்டும், செங்கல் செங்கலாக அடுக்குவதுபோல் ரன் சேர்த்துக்கொண்டிருந்தார்.

உணவு இடைவேளையில் எங்கள் பழைய தகராறு தொடங்கியது. எது பெரிய சதம்? நான் எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகியவன். முதலில் ஆடுகளம், அடுத்து எதிரணியின் பந்துவீச்சு, அதற்கடுத்து அணி இருந்த நிலை என்று ஆரம்பித்தேன்.

"என்ன மாப்ள, மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதற?" என்றார் அத்தான். "எனக்கு ஒரே கேள்விதான். அவன் அவுட்டாகிப் போறதுக்கு எத்தன சாக்கு இருந்துச்சு? வெயிலு, வீங்கின விரலு, எதிர்ப்பக்கம் நிக்க ஆளில்ல. போனாலும் யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அப்பவும் போகாம நின்னான் பாரு, அதான் இன்னிங்ஸ்."

சோற்றுத் தட்டுகளை எடுக்க வந்த அக்கா நின்றாள். "சாக்கப் பத்தி நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அத்தான் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

கொத்தனார் தொண்ணூறைத் தொட்டார். சட்டம் அமலுக்கு வந்தது. எங்கள் சட்டத்தைச் சல்லிக்காசுக்கு மதிக்காத அக்கா, மேகம் கறுப்பதைப் பார்த்து, காயப்போட்ட துணிகளை எடுக்கப் பால்கனிக்குப் போனாள். காற்றில் கண்ணாடிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அந்தக் கதவின் கொக்கி தானாக விழுந்துவிடும்; உள்ளேயிருந்துதான் திறக்க முடியும்.

ஸ்கோர் தொண்ணூற்றெட்டு. வெளியே மழை சோவென்று கொட்டத் தொடங்கியது. அக்கா துணிமூட்டையை அணைத்துக்கொண்டு கண்ணாடியைத் தட்டினாள்.

நான் பாதி எழுந்துவிட்டேன்.

"உக்காரு மாப்ள!"

"அத்தான், அக்கா நனையறா."

"தெரியுது. நீ எந்திரிக்காத. உன் கால் ராசி ஊருக்கே தெரியும்." பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியிருந்தார். அக்கா இன்னும் பலமாகத் தட்டினாள். "நீ உக்காரு, நான் போறேன்" என்றார் அத்தான்.

சொன்னவர் எழுந்தார். கண்கள் டிவியிலேயே இருந்தன. பந்து ஸ்டம்ப்புக்கு வெளியே போக, கொத்தனார் மட்டையை உயர்த்தி அதைப் போகவிட்டார். அத்தான் சோபாவின் முதுகைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஓர் அடி வைத்தார், பிறகு இன்னொன்று. சோபாவின் முதுகு முடிந்தது. பிடிக்க எதுவுமில்லாத வெறும் தரை வந்தது. முகத்தை டிவி பக்கம் திருப்பியபடியே அதையும் கடந்தார்.

வாக்கர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தட்டுவதை நிறுத்தியிருந்தாள். உயர்த்திய கை உயர்த்தியபடியே இருக்க, மழையில் நின்று கணவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொக்கியைத் தூக்கிய பிறகுதான் அத்தான் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மாப்ள, அதக் கொண்டா" என்று வாக்கரைக் கை காட்டினார்.

சொட்டச் சொட்ட உள்ளே வந்த அக்கா என்னை முறைத்தாள். "டேய், எந்திரிச்ச, கால ஒடிச்சிருவேன்! அங்க தொண்ணூத்தெட்டு." பிறகு அவரிடம் திரும்பினாள். "நீங்களும் நின்ன இடத்துலயே நில்லுங்க. நீங்க எந்திரிச்சு வந்து அவன் அவுட்டாகல. இப்ப இதுதான் உங்க இடம்."

சட்டம் அவர் போட்டது.

கொத்தனார் அன்று எங்களை லேசில் விடவில்லை. ஒரு ஓவர் முழுக்கத் தடுத்தார். அடுத்த ஓவர் எதிர்முனைக்காரர் ஆடினார். பிறகு கொத்தனாருக்கு ஒரு ரன் வந்து தொண்ணூற்றொன்பது, மறுபடி ரன்னே இல்லாத ஒரு மெய்டன் ஓவர். ஒரு பந்து மட்டையின் விளிம்பை உரசி ஸ்லிப்புக்கு முன்னால் விழ, மூவரும் ஒரே குரலில் கத்தினோம். அத்தானின் கை முதலில் கதவின் நிலையை இறுகப் பிடித்திருந்தது. பிறகு விரல் நுனி மட்டும். பீல்டிங்கைத் திட்டுவதற்காக இரண்டு கைகளையும் வீசியபோது அதுவும் இல்லை.

கடைசியில் கால்பக்கம் தட்டிவிட்டு ஓர் ஓட்டம். நூறு. கொத்தனார் துள்ளவில்லை, மட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி கோட்டுக்குள் போய் நின்றுகொண்டார். இன்னும் ஒரு செஷன் பாக்கி இருந்தது.

தேநீர் இடைவேளை வந்தது. அத்தான் திரும்பி வாக்கரைத் தேடினார். அதன்மேல் அக்கா ஈரப் போர்வையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், அது எனக்கு வேணும்."

"துணி காயணும்."

"அப்ப நான்?"

"வந்த வழி தெரியும்ல?"

டிவியில் ஏதோ சோப்பு விளம்பரம். இந்தமுறை பார்க்க வேறொன்றும் இல்லை, தரையைத் தவிர. அத்தான் அதையே பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். வலது காலை வைத்தார். நின்று நிதானித்து இடது காலை. சோபாவருகே வந்தவர் உட்காரவில்லை, அதைத் தாண்டிச் சமையலறை வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "காலைல சட்டை எது போடறது?" என்று அக்காவைக் கேட்டார்.

அவள் போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "காக்கிதான். வேற எது?"

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நூறு அடிச்சாச்சு. இப்ப நீ எந்திரிக்கலாம்."